பூஜையில் வைத்த பழைய ஆம்ப்

“அது ஓல்டு மாடல் அண்ணி, இனிமே அதுக்கு வேலையே இல்ல” என்று என் கொழுந்தன் சிரித்துக்கொண்டே சொன்னான். ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை அது. அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவன் சொன்ன ‘அது’ என்னுடைய ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர். உள்ளங்கைக்குள் அடங்குகிற தகர டப்பா. கம்ப்யூட்டரிலிருந்து வருகிற சத்தத்தை வாங்கி, பெரிதாக்கி, ஹெட்போனுக்கு அனுப்பும். அவ்வளவுதான் அதன் வேலை. ஓரத்தில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். திருகினால் ‘டிக்’கென்று உயிர் வரும், பிறகு காதில் மெலிதாக ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டில் எல்லோரும் அதை டப்பா என்பார்கள். நானும் டப்பா என்றுதான் சொல்வேன், ஆனால் நான் சொன்னால் அது செல்லம்.

எனக்குச் சோறு போடுவது என் காது. வெளிநாட்டு மருத்துவர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும் மைக்கில் பேசிப் பதிவு செய்வதை, பீர்க்கன்கரணையில் எங்கள் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து கேட்டு எழுத்தாக்குகிறேன். மருத்துவர்களில் தெளிவாகப் பேசுகிறவர் அபூர்வம். ஒருவர் சாப்பிட்டுக்கொண்டே பேசுவார், ஒருவர் வாக்கியத்தின் பாதியை விழுங்குவார், இன்னொருவர் பக்கத்தைப் புரட்டி யோசித்து, நாம் எழுந்து போய்விடலாமா என்று நினைக்கும்போது திடீரென்று ஒரு சொல்லை உதிர்ப்பார். முன்பெல்லாம் முழுக்க நாங்களே தட்டுவோம். இப்போது ஒரு மென்பொருள் முதலில் தட்டிவிடுகிறது, அது செய்த தப்பை நாங்கள் கேட்டுக் கேட்டுத் திருத்துகிறோம். வேலை பாதியாகிவிட்டதாம், அதனால் கூலியையும் குறைத்துவிட்டார்கள். காது மட்டும் முழுசாகத்தான் வேண்டியிருக்கிறது.

அந்த மென்பொருளிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பேசுகிறவர் சும்மா இருந்தால் அதற்குப் பொறுக்காது, தானாக ஒரு சொல்லைச் சேர்த்துவிடும். அதனால் எங்கள் தொழிலில் முதல் பாடம் இதுதான்: காதில் விழுந்ததை மட்டும் விட்டு வை, விழாததை அழித்துவிடு. நான் அப்படி அழித்ததற்காகப் பாராட்டு வாங்கியிருக்கிறேன்.

ஆயுத பூஜையன்று எங்கள் வீட்டில் அவரவர் தொழில் சாமானைச் சாமி முன்னால் வைப்போம். என் கணவர் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். அவருடைய ஸ்பேனர் செட் இருக்கும். என் பங்குக்குக் கீபோர்டு, ஹெட்போன், பதிவை ஓட்டவும் பின்னால் தள்ளவும் காலால் மிதிக்கிற பெடல், டப்பா. எல்லாவற்றுக்கும் சந்தனம், மேலே குங்குமம். வருஷா வருஷம் ஒரே இடத்தில் வைத்து வைத்து டப்பாவின் தலையில் ஒரு செந்நிறக் கறை நிரந்தரமாகவே தங்கிவிட்டது. பூஜையில் வைத்த சாமானை மறுநாள் விஜயதசமி காலை வரை யாரும் தொடக் கூடாது என்பது எங்கள் வீட்டில் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

மாடியில் குடியிருக்கிற கொழுந்தனுக்கும் தெரியும். ஆனால் மேற்குத் தாம்பரத்துக் கடையில் எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் பூஜையன்று சாயங்காலத்தோடு முடிகிறதாம். சாமி முன்னாலிருந்து என் டப்பாவைச் சந்தனம் காயாமல் தூக்கிக்கொண்டு போய், கடையில் கொடுத்து, அதே கம்பெனியின் புது மாடலை வாங்கி, பழையது இருந்த இடத்தில் வைத்துவிட்டான். அதற்கும் ஒரு பொட்டு. நான் காலையில் எழுந்து பார்த்தால் சாமி முன்னால் எனக்குத் தெரியாத ஒன்று பொட்டோடு உட்கார்ந்திருக்கிறது.

“கேட்டிருக்கலாமே” என்றேன்.

“சர்ப்ரைஸ் அண்ணி. அந்த ஹிஸ் இரைச்சலே கிடையாது. போட்டுப் பாருங்க, ஊசி விழுந்தா கேக்கும்.”

“பூஜையில வச்சதை எடுக்கலாமா?”

“சாமிக்கு இதெல்லாம் டெக்னிக்கலா ஒண்ணும் பிரச்சினை இல்ல அண்ணி.”

என் கணவர் வழக்கம்போல “விடு, ஆசையா வாங்கிட்டு வந்திருக்கான்” என்றார். அவர் ‘விடு’ என்று சொல்லாத விஷயம் இந்த உலகத்தில் இன்னும் நடக்கவில்லை.

பொய் சொல்லக் கூடாது. புதியதில் முதலில் பாட்டுதான் கேட்டேன், அசந்துவிட்டேன். தம்புராவும் மிருதங்கமும் தனித்தனியாக, எட்டித் தொடலாம்போல இருந்தது. மேலே விமானப்படையின் பயிற்சி விமானம் உறுமிக்கொண்டு போனது கூடத் தெரியவில்லை. சரி, கோபத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்று நானே என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அப்படி நான் சமாதானமாகிப் போனதை நினைத்தால்தான் இப்போது இன்னும் கோபம் வருகிறது.

வேலைக்கு அதையே மாட்டிக்கொண்டேன். கொஞ்ச நாளிலேயே நான் அனுப்பிய ஃபைல்கள் சின்னச் சின்னத் தப்புகளுக்காகத் திரும்பி வர ஆரம்பித்தன. ஒரு சொல் குறைகிறது, ஒரு சொல்லின் தலை குறைகிறது. தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன், காபியைக் கூட்டினேன். பிறகு ஒரு நாள் மத்தியானம் எங்கள் மேற்பார்வையாளர் அம்மா போன் செய்தார். என்னைவிட வயதில் மிகவும் சின்னவர்.

“மேடம், அந்த வயிறு ஸ்கேன் ரிப்போர்ட்ல ‘நோ மாஸ்’னு டாக்டர் சொல்லியிருக்காங்க. நீங்க ‘நோ’வ எடுத்துட்டீங்க.”

இது நம்ம ஊர் மாஸ் இல்லை. அங்கே மாஸ் என்றால் கட்டி. கட்டி இல்லை என்பதை நான் கட்டி இருக்கிறது என்று ஆக்கிவிட்டேன்.

“டாக்டர் ‘நோ’ சொல்லல. நான் பெடலைப் பின்னால மிதிச்சு மிதிச்சுக் கேட்டேன்.”

“சொல்லியிருக்காங்க மேடம். செக் பண்றவங்களுக்குக் கேட்டிருக்கு, எனக்கும் கேட்டுது. சாஃப்ட்வேரே கரெக்டா ‘நோ’ன்னு போட்டிருந்துச்சு, நீங்கதான் அழிச்சிருக்கீங்க. நல்லவேளை, ரிப்போர்ட் வெளிய போகல. தப்பா எடுத்துக்காதீங்க, ஒரு தடவை காதை செக் பண்ணிக்குங்களேன். இன்னொண்ணு இதுமாதிரி வந்தா, உங்க ஃபைலை எல்லாம் சாஃப்ட்வேருக்கே விட்டுடலாம்னு மேல பேசிட்டிருக்காங்க.”

போனை வைத்துவிட்டு அந்த ஃபைலை மறுபடி கேட்டேன். டாக்டர் யோசிக்கிறார், நீளமான அமைதி, பிறகு “மாஸ்” என்கிறார். எத்தனை முறை கேட்டாலும் வெறும் “மாஸ்”தான். ஊருக்கெல்லாம் விழுகிற சொல் எனக்கு மட்டும் விழவில்லை. காது போனால் எனக்கு வேறு தொழில் தெரியாது. சாயங்காலம் கணவரிடம் சொன்னபோது அவர் விடு என்று சொல்லவில்லை. “நாளைக்கே காட்டிடலாம்” என்றார். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

கொழுந்தன் மட்டும் தைரியம் சொன்னான். “நாப்பது தாண்டினா ஹை ஃப்ரீக்வென்ஸி சத்தம் கொஞ்சம் கேக்காமப் போயிடும் அண்ணி. நார்மல்தான்.” ஓல்டு மாடல் என்று இவன் டப்பாவை மட்டும் சொல்லவில்லை என்று அப்போது தோன்றியது.

காது டாக்டர் மேற்குத் தாம்பரத்தில். மறுநாள் நான் மட்டும் போனேன். டோக்கன் வாங்கினால் எனக்கு முன்னால் ஒரு கல்யாணக் கூட்டமே உட்கார்ந்திருந்தது. எதிர்ப்பக்கம் பார்த்தால் அந்த எக்ஸ்சேஞ்ச் கடை. உள்ளே இருந்த எரிச்சலை எங்கேயாவது கொட்ட வேண்டும்போல இருந்ததால் ரோட்டைக் கடந்து உள்ளே போனேன். கடைக்காரர் உள்ளூர்க்காரர். கட்டடமும் அவருடையது, அதனால் யாரிடமும் குரலைத் தாழ்த்தத் தேவையில்லாதவர்.

மேஜையின் மேலே, ஒரு பழைய போனோடு ஒயர் மாட்டி, என் டப்பா உட்கார்ந்திருந்தது. தலையில் அதே குங்குமக் கறை. காய்ந்த சந்தனம்கூட ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு பையன் புது ஹெட்போன் ஒன்றை அதில் செருகிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

“வாங்கக்கா, இன்னா வோணும்?”

“அந்த டப்பா.”

“அது சேல்ஸுக்கு இல்லக்கா. ஹெட்போன் செக் பண்றதுக்கு வச்சிகினு கீறோம்.”

“ஓல்டு மாடலாச்சே. இனிமே அதுக்கு வேலையே இல்லன்னு என் கொழுந்தன்கிட்ட சொன்னது நீங்கதானே?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பூஜையன்னிக்கு வந்தாரே, அந்தத் தம்பியோட அண்ணிங்களா? ஆஃபர்னா அப்டித்தான்க்கா சொல்றது.”

“அப்ப செக் பண்றதுக்கும் புதுசை வச்சுக்க வேண்டியதுதானே?”

“அது பேஜாருக்கா” என்றார், ஏதோ சொந்தக்காரரிடம் சொல்வதுபோல. “கொஞ்ச நேரம் சத்தம் இல்லன்னா தூங்கிடுது. அப்பால சவுண்டு வந்தா, அது முழிச்சிக்கறதுக்குள்ள ஃபர்ஸ்ட்டு கொஞ்சம் உட்டுடுது. கஸ்டமரு ஹெட்போன்தான் ரிப்பேருன்னு வச்சிட்டுப் பூடறான். பாட்டு கேக்கறவங்களுக்கு ஒண்ணியும் தெரியாது. பாட்டுக்கு நல்ல பீஸுதான்.”

தூங்கிவிடுகிறது. டாக்டர் யோசிக்கிறார், இது தூங்குகிறது. அவர் “நோ” என்கிறார், இது கண்ணைக் கசக்குகிறது. “மாஸ்” வரும்போது எழுந்து உட்கார்ந்துகொள்கிறது. ஊசி விழுந்தால் கேட்கும் என்றானே, அந்த அமைதியைத்தான் நான் காசு போடாமல் கிடைத்த பரிசு என்று காதில் மாட்டிக்கொண்டிருந்தேன். என் டப்பாவின் ‘ஸ்ஸ்ஸ்’ வெறும் இரைச்சல் இல்லை, அது விழித்திருக்கிற சத்தம்.

“தெரிஞ்சேதான் வித்தீங்களா?” என்றேன். என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. சார்ஜர் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். “இதனால என் வேலை போகப் பாத்துது. செவிடின்னு டாக்டர்கிட்ட டோக்கன் வாங்கிட்டு வந்து நிக்கறேன். ஓல்டுன்னு என் வீட்டுல இருந்து வாங்கி, உங்க கடையில வச்சு நீங்க வேலை வாங்கறீங்க.”

“இன்னாக்கா சவுண்டு உடறீங்க. ஆஃபர்ல குடுத்தா குடுத்ததுதான்.”

“சரி, நானும் ஒரு ஆஃபர் போடறேன்.” கைப்பையிலிருந்து புதியதை எடுத்து மேஜையில் வைத்தேன். டாக்டரிடம் காட்டலாம் என்று ஹெட்போனோடு அதையும் எடுத்து வந்திருந்தேன். “புதுசை நீங்க வச்சுக்கங்க. பழசைக் குடுங்க.”

வாக்குவாதம் செய்வார் என்று எதிர்பார்த்தேன். மனுஷன் புதியதை டக்கென்று டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டு, ஒயரைப் பிடுங்கி டப்பாவை நீட்டினார். அவ்வளவு சீக்கிரம் சம்மதித்தது என் வயிற்றெரிச்சலை இன்னும் கிளப்பியது. டோக்கனைக் கசக்கிப் போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

வீட்டில் கணவரும் கொழுந்தனும் ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். “டாக்டர் என்ன சொன்னார்?” என்றார் கணவர். நேராகப் பின்னறைக்குப் போய் டப்பாவை மாட்டினேன். ‘டிக்’. ‘ஸ்ஸ்ஸ்.’ அந்த ஃபைலைப் போட்டேன். டாக்டர் யோசிக்கிறார், காகிதம் புரள்கிறது, மூச்சை இழுக்கிறார்.

“நோ மாஸ்.”

அழுதுவிட்டேன். நிம்மதியில் இல்லை, முழுக்க ஆத்திரத்தில்தான். எத்தனை பேர் சேர்ந்து என் காதை என்னிடமே சந்தேகப்பட வைத்துவிட்டார்கள் என்ற ஆத்திரம். பின்னாலேயே வந்து நின்ற கொழுந்தன் தலையில் ஹெட்போனை மாட்டி அவனையும் கேட்க வைத்தேன். நடந்ததையும் சொன்னேன். அவன் கண்கள் டப்பாவையும் என் கைப்பையையும் மாறி மாறிப் பார்த்தன.

“அதுக்காகப் புதுசையே குடுத்துட்டா வந்தீங்க?” என்றான். முகம் வாடித்தான் போயிற்று. “நான் போய் அதைத் திருப்பி வாங்கிட்டு வந்துடறேன் அண்ணி. இது சாஃப்ட்வேர் இஷ்யூதான். அடுத்த அப்டேட்ல சரி பண்ணிடுவாங்க. அப்புறம் இந்தப் பழசைக் கடையிலயே...”

“நோ” என்றேன்.

அவனுக்கு முதல் தடவையிலேயே விழுந்தது.