என் தோழி எனக்காகச் சொன்ன மன்றாட்டு

நம்ப வைத்துக் கழுத்தறுத்தார்கள் என்று சொல்வோமே, அது எனக்கு நான் கண்ணை மூடிக் கை கூப்பி நின்றிருந்தபோது நடந்தது. சுற்றிலும் இருபது பேர். மேசைமேல் மாதா சுரூபம், மெழுகுவர்த்தி, மல்லிகைச் சரம். ஆண்டவர் பெயரைச் சொல்லியே நடந்தது. இதை எழுதும்போதும் என் கோபம் முழுதாகப் போகவில்லை. கோபம் தீர்ந்த பிறகுதான் ஆண்டவர் எனக்குச் செய்ததற்குச் சாட்சி சொல்ல வேண்டும் என்று காத்திருந்தால் நான் கிழவியாகிவிடுவேன். அதனால் இருக்கிற கோபத்தோடே சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஒரு நர்ஸ். நெல்லித்தோப்பில் பிறந்து வளர்ந்தவள். அப்பா மில் தொழிலாளியாக இருந்தவர். மில் மூடிய பிறகு லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியில் வாட்ச்மேன் ஆனார். பி.எஸ்சி. நர்சிங் முடித்து, டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில் குழந்தைகள் வார்டில் வேலைக்குச் சேர்ந்தேன். மூன்று வருடம் ஓடியது. சின்னக் குழந்தைகளின் நரம்பு கண்ணுக்கே தெரியாது. அதில் ஊசி ஏற்ற என்னைத்தான் தேடி வருவார்கள். "குழந்தைன்னா உனக்கு உயிராச்சே" என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி நானும் அப்படித்தான் என்று நம்பியிருந்தேன். மேற்படிப்பும் குழந்தைகள் பிரிவில்தான் என்று முடிவு செய்திருந்தேன். ஊருக்கு வெளியே கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு நர்சிங் கல்லூரி இருக்கிறது. அங்கே அந்தப் பிரிவில் நிர்வாகத்தின் கையில் இருந்தது ஒரே ஒரு இடம். அந்த இடத்துக்காக ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் முழுவதும் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்து செபித்தேன்.

அந்தத் தவக்காலத்தில்தான் எங்கள் வார்டில் ஒரு குழந்தை இறந்துபோனது. நாலு வயது. காய்ச்சலோடு வந்தவள். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் என் விரலைப் பிடித்துக்கொள்வாள், அவ்வளவுதான். எங்கே என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. அதற்குப் பிறகு எந்தக் குழந்தை அழுதாலும் என் கை நடுங்க ஆரம்பித்தது. வெளியே காட்டிக்கொள்ளாமல் ஊசியைப் போட்டுவிட்டு, துணி அடுக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுவேன். முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வருவேன். வார்டில் யாருக்கும் தெரியாது. வீட்டிலும் சொல்லவில்லை.

ஒரே ஒருத்தியிடம் சொன்னேன். ஃபிலோவிடம்.

ஃபிலோவும் நானும் சின்ன வயதில் கோயிலில் புதுநன்மை வாங்கிய நாளிலிருந்து தோழிகள். ஒரே தெரு, ஒரே பள்ளி, ஒரே நர்சிங் கல்லூரி. அவள் வேறொரு மருத்துவமனையில் வேலை பார்த்தாள். மேற்படிப்புக்கு நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கன்னியர் கல்லூரிக்குத்தான் விண்ணப்பம் போட்டிருந்தோம். ஆனால் அவள் சமூக சுகாதாரப் பிரிவுக்குப் போட்டிருப்பதாகச் சொல்லியிருந்தாள். அதனால் எனக்குப் பயமில்லை. அவள் வீட்டு மொட்டை மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கை நடுங்குவது, துணி அறை, எல்லாம்.

"யார்கிட்டயும் சொல்லிடாதடி. இன்டர்வியூ முடியட்டும். எனக்காக வேண்டிக்க, அது போதும்" என்றேன்.

"நான் போய் சொல்லுவனா? தெனமும் உனக்காக ஒரு செபமால சொல்றேன்" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அவளும் அழுதாள். அந்த அழுகை பொய் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

மே மாதம் மாதா வணக்க மாதம் இல்லையா, அப்போது எங்கள் அன்பியக் கூட்டம் ஃபிலோ வீட்டில் நடந்தது. பக்கத்துத் தெருக்களையும் சேர்த்து இருபது வீட்டுக்காரர்கள் முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடி செபிப்போம். அன்றைக்குச் சிறப்பு விருந்தினராக ஒரு மதர் வந்திருந்தார். யாரென்று பார்த்தால், அந்த நர்சிங் கல்லூரியின் முதல்வர். நேர்காணல் நடத்தப்போகிறவரே அவர்தான். எனக்கு ஒரே சந்தோஷம். நம் முகத்தைப் பார்த்து வைத்துக்கொள்வார், நல்லதுதானே என்று நினைத்து முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். என்ன புத்தி பாருங்கள்.

செபமாலை முடிந்து மன்றாட்டு நேரம் வந்தது. எல்லோரும் எழுந்து கண்ணை மூடி நின்றோம். அவரவர் மனதில் இருப்பதைச் சத்தமாக வேண்டுவார்கள், மற்றவர்கள் பதில் சொல்வோம். ஒருவர் மகனின் வேலைக்காக வேண்டினார். ஒருவர் மாமியாரின் கண் ஆபரேஷனுக்காக வேண்டினார். மூன்றாவது குரல் ஃபிலோவுடையது.

"குழந்தைகள் வார்டில் வேலை செய்யும் எங்கள் சகோதரி ஒருவருக்காக உம்மை மன்றாடுகிறோம் ஆண்டவரே. ஊசி போடக் கை நடுங்கி, துணி அறையில் ஒளிந்து அழும் அவருக்கு மனத்திடத்தைத் தாரும். அவருடைய சுபாவத்துக்கு ஏற்ற இடத்தை அவருக்குக் காட்டியருளும்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று இருபது பேரும் சொன்னார்கள்.

நானும் சொன்னேன். பழக்கம். வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொல்லி முடித்த பிறகுதான் காதில் விழுந்தது எது என்று மூளைக்கு எட்டியது. கண்ணைத் திறந்தேன். அந்த அன்பியத்தில் குழந்தைகள் வார்டில் வேலை பார்ப்பவள் நான் ஒருத்திதான். பெயர் சொல்லவில்லை என்றுதானே பெயர்! மதர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சுண்டலும் டீயும் கொடுத்தார்கள். நான் வாங்காமல் வெளியே வந்துவிட்டேன். ஃபிலோ வாசல்வரை ஓடிவந்தாள்.

"உனக்காகத்தான வேண்டினேன்? மதர் வருவாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன். வாய்க்குப் பஞ்சமில்லாதவள் நான். அன்றைக்குச் சண்டைகூடப் போடாமல் வீட்டுக்கு வந்தேன்.

ஜூன் மாதம் நேர்காணல். வராந்தாவில் ஃபிலோ உட்கார்ந்திருந்தாள், கையில் ஃபைலோடு. வரிசைப்படி கூப்பிட்டார்கள். "குழந்தைகள் பிரிவு" என்று கூப்பிட்டபோது நான் எழுந்தேன். அவளும் எழுந்தாள். சமூக சுகாதாரமாவது ஒன்றாவது! அவள் விண்ணப்பமும் அதே இடத்துக்குத்தான்.

உள்ளே மதர் கோபமாகப் பேசவில்லை. பேசியிருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன்.

"அன்னிக்குச் சொன்ன மன்றாட்டு உனக்காகத்தானம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். சுவரில் சிலுவையோடு பாடுபட்ட சுரூபத்தை மாட்டி வைத்துக்கொண்டு கேட்டால் என்ன செய்வது? "ஆமாம் மதர்" என்றேன்.

"இந்தப் பிரிவு வேணாம்மா உனக்கு. உன் மனசுக்கு ஒத்து வர்ற பிரிவா யோசிச்சுப் பாரு."

ஃபைலை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். இடம் ஃபிலோவுக்குக் கிடைத்தது.

அதோடு முடியவில்லை. துணி அறைக் கதை எங்கள் மருத்துவமனைக்கும் எப்படியோ வந்து சேர்ந்தது. மன்றாட்டுக்குக் கால் முளைத்துவிட்டது. வார்டில் என்னோடு டீ குடித்தவர்களே என் கையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். நான் அன்பியத்துக்குப் போவதை நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மட்டும், அப்பாவின் முகத்துக்காகப் போவேன். நற்கருணை அப்பம் வாங்க எழ மாட்டேன். அந்த நாட்களில் நான் செய்த செபத்தை மறைக்காமல் சொல்கிறேன்: "அந்த இடத்தை எனக்குத் திருப்பிக் கொடும். இல்லாவிட்டால் அவளுக்கும் இல்லாமல் செய்யும்." தினமும் இதுதான். இதைச் செபம் என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

ஜூலை மாதம் ஒரு நாள் மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், மருத்துவமனையின் பின்படிக்கட்டில் தனியாக உட்கார்ந்திருந்தேன். டப்பாவில் இருந்த எலுமிச்சைச் சாதம் இறங்கவில்லை. "நீரும் அவளும் சேர்ந்துதானே என்னை இங்கே கொண்டுவந்து விட்டீர்கள்? எனக்கு எதுதான் இடம்? சொல்லித் தொலையும்" என்று ஆண்டவரிடமே சண்டை போட்டேன். அழகான வார்த்தை ஒன்றும் இல்லை. ஆனால் அவளைப் பற்றி இல்லாமல் என்னைப் பற்றி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அடுத்த வாரமே என்னை டயாலிசிஸ் பிரிவுக்கு மாற்றினார்கள். தண்டனை என்றுதான் நினைத்தேன். எட்டுப் படுக்கை, எட்டு மெஷின். சிறுநீரகம் வேலை செய்யாதவர்கள் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வந்து நான்கு மணி நேரம் படுத்திருப்பார்கள். ரத்தம் வெளியே வந்து சுத்தமாகி உள்ளே போகும். அதே ஆட்கள், அதே படுக்கை, அதே புலம்பல். புதிதாக வருகிற நர்ஸ்கள் ஒரு மாதத்தில் சலித்துப்போய் மாற்றல் கேட்பார்களாம்.

முதல் வாரமே எனக்கும் முருகையன் அண்ணனுக்கும் சண்டை. சாரம் பகுதியில் ஆட்டோ ஓட்டுகிறவர். தண்ணீரை அளந்து குடிக்க வேண்டிய உடம்பு. எடை மெஷினில் ஏற்றிப் பார்த்தால் இரண்டே நாளில் நாலு கிலோ கூடியிருந்தார்.

"என்னாத்தண்ணா குடிச்சீங்க?" என்றேன்.

"ஒரு மொடக்கு தண்ணிம்மா."

"ஒரு மொடக்கா? ஒரு குடத்தக் கவுத்துட்டு வந்துட்டு யார்கிட்ட கத வுடறீங்க? மூச்சு முட்டி நடுரோட்டுல ஆட்டோவோட சாயப்போறீங்க. அப்ப உங்க பொண்டாட்டிக்கு யார் பதில் சொல்றது?"

"யம்மா, நீ நர்ஸா போலீஸா?" என்று அவரும் கத்தினார். பிரிவே திரும்பிப் பார்த்தது. இந்த வேலையும் போச்சு என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து வந்தார். எடை ஒன்றரை கிலோதான் கூடியிருந்தது. கையை நீட்டிக்கொண்டு, வேறு நர்ஸ் வந்ததும் இழுத்துக்கொண்டார். "அந்தக் கத்துற சிஸ்டர் இல்லியா? அவங்களே குத்தட்டும்" என்றார்.

டயாலிசிஸ் ஊசி, சாக்கு தைக்கிற ஊசி மாதிரி இருக்கும். ஒரு ஆளுக்கு இரண்டு. அதை ஒரு நாளைக்கு பத்துப் பன்னிரண்டு தடவை ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒரு மாதத்துக்குப் பிறகுதான் கவனித்தேன், என் கை நடுங்கவே இல்லை. துணி அறை எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட அங்கே எனக்குத் தெரியாது. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். இங்கே படுத்திருப்பவர்களுக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியும். என்னைத் திட்டத் தெரியும். நான் திட்டினால் வாங்கிக்கொள்ளவும் தெரியும். எனக்குச் சட்டென்று கோபம் வரும், ஆட்களை மறக்க மாட்டேன், கணக்குப் பிசகினால் தூக்கம் வராது. குழந்தைகள் வார்டில் மறைத்து மறைத்து வைத்த குணமெல்லாம் இங்கே வேலைக்கு ஆகிறது. விரல் குழந்தைகளுக்கு ஏற்றதாக இருந்தது, மனசு அப்படி இல்லை. இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிட்டேன்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும் இல்லையா? ஒரு நாள் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றபடியே அந்த மன்றாட்டு நினைவுக்கு வந்தது. மனத்திடத்தைத் தாரும். சுபாவத்துக்கு ஏற்ற இடத்தைக் காட்டியருளும். வார்த்தைக்கு வார்த்தை நடந்திருந்தது. ஒருசந்தி இருந்து நான் கேட்டது நடக்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுத்தவள் கேட்டதுதான் நடந்தது. ஆண்டவர் அவள் பக்கம் சாய்ந்துவிட்டாரே என்று எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. மனுஷர் செய்த துரோகத்தைவிட இது பெரிய துரோகமாகப் பட்டது. அன்றைக்குச் சாயங்காலம் கோயிலுக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நன்றி சொல்லத்தான் போனேன். அழுகைதான் வந்தது. வெளியே வரும்போது ஒரே ஒரு தடவை "நன்றி" என்றேன், அதுவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

அடுத்த வருடம் சிறுநீரக நோயாளிகளைப் பராமரிக்கும் ஓராண்டுப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டேன். இந்த முறை யார் சொன்னதையும் கேட்கவில்லை. இரண்டு கல்லூரிகளுக்கு நேரில் போனேன். கட்டடத்தைப் பார்க்கவில்லை, வார்டைப் பார்த்தேன். மாணவிகளை நோயாளியின் பக்கத்தில் எவ்வளவு நேரம் விடுகிறார்கள் என்று கேட்டேன். நேர்காணலில் என் கை நடுங்கிய கதையை நானே முதலில் சொன்னேன். "எனக்கு வாய் கொஞ்சம் நீளம்" என்பதையும் சொல்லிவிட்டேன். சிரித்துக்கொண்டே இடம் கொடுத்தார்கள். இந்த வருடம் படிப்பு முடிந்தது. எட்டுப் படுக்கைக்கும் இப்போது நான்தான் பொறுப்பு.

கோயில் இதழுக்காக இந்தச் சாட்சியை எழுதச் சொல்லி எங்கள் ஃபாதர் கேட்டார். முதலில் எழுதியதில் அவள் பெயர், வீடு, வேலை பார்க்கும் இடம் எல்லாவற்றையும் போட்டிருந்தேன். ஆசை தீர எழுதினேன். திரும்பப் படித்தபோதுதான் புரிந்தது. ஆண்டவர் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒருத்தியின் மானத்தை ஊர் நடுவில் வைக்கிறேன். அவள் செய்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? எனக்காவது இருபது பேர், இது அச்சிலே வரப்போகிறது.

தாளை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு. கேட்டிலேயே நின்று கொடுத்தேன். அவளும் அங்கேயே நின்று கடைசி வரி வரைக்கும் படித்தாள்.

"மதர் வருவாங்கன்னு எனக்குத் தெரியும்" என்றாள். "நான்தான் போய்க் கூப்ட்டேன்."

தெரிந்த விஷயம்தான். ஆனாலும் அவள் வாயால் கேட்டது இதுதான் முதல் தடவை.

"அந்த எடத்துல உனக்கு இப்ப சந்தோஷமா இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு."

"அப்ப..."

"அப்பன்னு ஆரம்பிக்காத, ஃபிலோ."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "நான் இப்ப சொன்னதையும் சேத்து எழுதிக்க. பேரும் அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

மன்னித்துவிட்டேன் என்று சொல்ல அங்கே எனக்கு மனம் வரவில்லை. வராததை வந்ததாக எழுத மாட்டேன். ஆனால் ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன், இப்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமலே சொல்கிறேன். என் இடத்தை எனக்குக் காட்டினார். என் கையை எனக்குத் திருப்பிக் கொடுத்தார். அன்பானவர்களே, உங்களுக்கும் வேலையோ படிப்போ கைநழுவிப் போயிருக்கலாம், நம்பினவர்கள் காலை வாரியிருக்கலாம். கோபத்தோடே அவரிடம் போங்கள். சண்டை போடுங்கள். அவர் கேட்பார். உங்களிடம் யாராவது அழுது ஒன்றைச் சொன்னால், அதை அவரிடம் மட்டும் சொல்லுங்கள், சத்தமில்லாமல்.

என் பெயரை இங்கே போடவில்லை. போட்டால் அவள் யாரென்று தெரிந்துவிடும். ஃபிலோ என்பதும் அவளுடைய பெயர் இல்லை.