தலைவர் பிறந்த காம்பரா

அமெரிக்க ஜனாதிபதிகளின் வாழ்க்கை வரலாறுகளை இலங்கை மலைநாட்டுப் பதுளையில் இருந்தபடி நிறையவே படித்திருக்கிறேன். பெரும்பாலானவற்றில் முதல் அத்தியாயம் ஒரே சரக்கு: குடிசை, வறுமை, விளக்கு வெளிச்சத்தில் படிப்பு. எங்கள் தொழிற்சங்கத் தலைவரும் அப்படியொரு புத்தகத்தை எடுத்து, முதல் அத்தியாயத்தோடு நிறுத்திவிட்டார். அவருக்கு அது போதுமாயிருந்தது.

அடிமைகளை விடுவித்த ஜனாதிபதியின் மரக்குடிசை அங்கே நினைவிடமாம். தனக்கும் ஒன்று வேண்டும் என்று தோன்றிவிட்டது. மடுல்சீமைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசையில் ஓர் ஒற்றை அறைக் காம்பராவைத் தெரிவு செய்தார். அவர் தோட்டத்து ஆட்களை மேய்த்த பெரிய கங்காணியின் மகன். பிறந்தது ஓடு போட்ட தனி வீட்டில். அதைக் காட்டினால் யாரும் கண்ணீர் விடமாட்டார்கள். காம்பராவில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண், கணவன் பிள்ளைகளோடு குடியிருந்தாள். செய்தி எழுத என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்.

“காலி பண்ணிக் குடு தாயி. இது வரலாறு ஆகப் போவுது.”

“ஆகட்டுங்க. நாங்க எங்க போறது?”

“தோட்டத்துத் துரைகிட்ட பேசுறேன்.”

“கூரை ஒழுகுதுன்னப்பவும் அப்பிடித்தாங்க சொன்னீங்க.”

தலைவருக்குக் காது கேட்கவில்லை. பெயர்ப்பலகைக்காக வாசலை முழம் போட்டுக்கொண்டிருந்தார்.

நான் புத்தகத்தின் மிச்சத்தையும் படித்தவன். அங்கே காட்டுவது அந்த ஜனாதிபதி பிறந்த குடிசையல்ல, பின்னால் எழுப்பியது என்றேன். வெட்கப்படுவார் என்று நினைத்தேன். முகம் மலர்ந்தது.

“அப்ப நாமளும் புதுசா கட்டிக்கலாம்னு சொல்லுங்க தம்பி!”

கட்டினார். பஸ் திரும்பும் இடத்தில் ஒற்றைக் காம்பரா. சீமெந்துத் தரை, புதுத் தகரம். ஏழ்மை தெரிவதற்காகச் சுவரில் கரி பூசினார்கள். திறப்பு விழாவன்று நல்ல மழை. உள்ளே ஒதுங்கியவர்கள் தலையில் ஒரு சொட்டு விழவில்லை. “என்னைப் பெத்த தரை இது” என்று அந்தச் சீமெந்தைத் தொட்டுக் கும்பிட்டார். கைதட்டினார்கள்.

ஜீப்பில் ஏறப்போனவரை அந்தப் பெண் மறித்தாள்.

“தலைவரே, இத எங்களுக்குக் குடுத்துட்டு, நீங்க எங்க காம்பராவிலயே பொறந்ததா வச்சுக்கங்க. இன்னைக்கே சாமான தூக்கிர்றோம்.”

கூட்டம் சிரித்தது. தலைவரும் சிரித்தார். அவள் சிரிக்காமல் நின்றாள். தலைவர் பக்கத்திலிருந்த ஆளிடம் திரும்பினார்.

“பூட்டிட்டு சாவிய எங்கிட்ட குடு.”