குடிலுக்குள் ஒரு பிளாட்டிபஸ்

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமாகி வரும் மருமகள், தன் முதல் கிறிஸ்துமஸுக்குத் தெருக் குடிலில் வைக்க ஒரு மிருகம் கொண்டுவர வேண்டும். தொழுவத்தில் பிறந்த பாலன் இயேசுவைப் பார்க்க வீட்டுக்கு ஒரு பிராணியாவது போக வேண்டாமா என்பது அதன் நியாயம். பொம்மைதான். ஆனால் ஒருமுறை குடிலுக்குள் போய்விட்டால் ஆயுளுக்கும் அங்கேதான். பெண்களுக்கு அடையாளமே அதுதான். "ஒட்டகத்துக்காரி கொயம்பு குடுத்தனுப்பிச்சா" என்றால் எந்த வீட்டுக் குழம்பு என்று ராயபுரத்தில் எங்கள் தெரு முழுக்கத் தெரியும்.

நான் மீஞ்சூர்க்காரி. எங்கள் வீட்டில் கொலு உண்டு, குடில் கிடையாது. மின்சார ரயிலில் ஆரம்பித்த காதல் மாதா கோயிலில் முடிந்தது. அதில் சந்தோஷப்பட்டவர்களும் உண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களும் உண்டு. "வேற சாமி வூட்லேந்து வந்த பொண்ணு இன்னாத்த எடுத்தாருதுன்னு பாப்போம்" என்று குழாயடியில் பேசிக்கொண்டது என் காதுக்கும் வந்தது. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஆடு, மாடு, முயல் என்று எல்லோரிடமும் இருப்பதைக் கொண்டுபோக நான் என்ன இளிச்சவாயா?

கல்லூரியில் விலங்கியல் படித்த காலத்திலேயே என் மனதைப் பறிகொடுத்த பிராணி பிளாட்டிபஸ். முட்டை போடுவது ஒரு பக்கம், பால் கொடுப்பது இன்னொரு பக்கம் என்று புத்தகம் ஒழுங்காகப் பிரித்து அடுக்கிக்கொண்டே வரும். இதுவோ முட்டையும் போட்டு, பாலும் கொடுத்து, எந்த அடுக்கிலும் நிற்காமல் ஆஸ்திரேலியா ஆறுகளில் ஜாலியாக நீந்திக்கொண்டிருக்கும். தேர்வில் அதைப் பற்றிக் கேள்வி வந்தால் நான் கூடுதல் தாள் வாங்கி எழுதுவேன். இப்போது திருவொற்றியூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே பிளாட்டிபஸைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

ஆகவே செய்தேன். பேப்பர் கூழில் உடம்பு, பழைய பழுப்பு வெல்வெட் ரவிக்கையை வெட்டி ரோமம், சைக்கிள் டியூபில் அலகு, தட்டையான வால். என் கணவர் பார்த்துவிட்டு, "சூப்பரா கீது. ஆனா அத்தம்மா இன்னா சொல்லும்னுதான் தெரியல" என்றார்.

அத்தம்மா என்பது அவருடைய அத்தை, அப்பாவின் அக்கா. எனக்கும் அத்தைதான். காசிமேட்டில் மீன் ஏலம் விட்ட குரல். பேசினால் பக்கத்துத் தெருவும் கேட்கும். குடிலுக்கு அவர்தான் ராணி, மந்திரி, போலீஸ் எல்லாம். குழந்தை கிடையாது. என் கணவருடைய அம்மா பிரசவத்தோடு போய்விட, பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து வளர்த்தவர். "பெத்த தாய் கூட இப்டி பாக்க மாட்டா" என்று யாராவது சொன்னால் உடனே வெட்டிவிடுவார்: "நான் இன்னா பாலு குடுத்தா வளத்தேன்? புட்டிப்பாலு. சும்மா கெட." அந்த ஒரு பேச்சில் மட்டும் குரல் தாழ்ந்துவிடும். குடிலில் பாலனுக்குப் பக்கத்தில் நிற்கும் கொம்பு உடைந்த மண் பசு அவர் கொண்டுவந்தது. அந்த இடத்தை யாரும் கேட்டதும் இல்லை, அவர் விட்டதும் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு, அத்தை வீட்டு வாசலில் மூங்கிலும் வைக்கோலும் தெர்மாகோலுமாகக் குடில் எழும்பிக்கொண்டிருந்தது. தெருவே கூடியிருக்கும்போது நான் என் பிராணியை எடுத்து வெளியே வைத்தேன்.

"இன்னாடி இது? வாத்தா?"

"பிளாட்டிபஸ், அத்தை."

"கீரிப்புள்ள ஒடம்புல வாத்து மூஞ்ச ஒட்டிகினு வந்து கலாய்க்கிறியா?"

நான் விளக்க ஆரம்பித்தேன். விளக்க ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. தண்ணீருக்குள் கண், காது, மூக்கு மூன்றையும் மூடிக்கொண்டு, இரையின் உடம்பில் ஓடும் மின்சாரத்தை அலகாலேயே கண்டுபிடிக்கும் என்றேன். வடசென்னை அனல் மின் நிலையத்தில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு மாமா, "அப்போ நம்ம டிபார்ட்மென்ட்டு!" என்று கை தட்டினார். அதற்கு இரைப்பை கிடையாது, சாப்பிட்டது நேரே குடலுக்குப் போய்விடும் என்றேன். "அய்யோ பாவம், பிரியாணிய எங்க போட்டு வைக்கும்?" என்று ஒட்டகத்துக்காரி உண்மையாகவே வருத்தப்பட்டார். ஆணுக்குப் பின்னங்காலில் விஷ முள் உண்டு, பெண்ணுக்குக் கிடையாது என்று சொன்னதும் பெண்கள் எல்லோரும் ஒரே குரலில், "அப்டி சொல்லு!" என்று அவரவர் புருஷனைத் திரும்பிப் பார்த்தார்கள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

"குட்டி எப்டி வளரும்?" என்றார் அத்தை. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"முட்டையிலிருந்து வரும், அத்தை. அப்புறம் பால் குடிக்கும். ஆனா தாய்க்கு மார்க்காம்பே கிடையாது. வயித்துத் தோல்லேந்து பால் வேர்வை மாதிரி கசியும். குட்டி அதை நக்கிக் குடிச்சிக்கும்."

"போதும்டி. வுட்டா ரெக்க மொளைக்கும்னுவே."

செல்போனில் வீடியோ காட்டினேன். அது என் முட்டாள்தனம். அதற்கு ஒரு மாதம் முன்புதான் கடல்கன்னி வலையில் மாட்டிக்கொண்டதாக ஒரு வீடியோ வர, அத்தை அதை நம்பிக் காசிமேடு வரை ஆட்டோ பிடித்துப் போய்த் தேடிவிட்டு வந்திருந்தார். தெருவே அவரை ஓட்டித் தள்ளியது. இனி ஜென்மத்துக்கும் எந்த வீடியோவையும் நம்புவதில்லை என்று சபதம் போட்டிருந்தார்.

"ஏஐ," என்று போனைத் திருப்பித் தந்தார். "எனுக்கும் தெரியும்."

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். இந்தப் பிராணியின் தோல் முதன்முதலில் இங்கிலாந்துக்குப் போனபோது, அங்கிருந்த விஞ்ஞானியே யாரோ தைத்து ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்துக் கத்தரிக்கோலை வைத்துத் தையல் தேடினார் என்று சொல்லித்தொலைத்தேன்.

"பாத்தியா? அந்த வெள்ளக்காரனே நம்பல. நான் நம்பணுமா? தோ பாரு மருமவளே, மெய்யாலுமே கீற மிருகந்தான் குடிலுக்குள்ள போவும். இன்னிக்கு இத்த வுட்டா நாளைக்கு வர்றவ டிராகன் எடுத்தாருவா. ஒரு வாத்து வாங்கியா, போதும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வெறும் பொம்மைதான் என்று தேற்றிக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை. வாத்துக்காரி என்று வாழ்நாள் முழுக்கக் கூப்பிடப்படுவதை விட, என்னுடையது எதுவும் இந்தத் தெருவுக்குள் போகாது என்ற நினைப்புதான் சுட்டது. மூக்கைச் சிந்திக்கொண்டு, புது மருமகளின் இன்னொரு வேலைக்குப் போய் உட்கார்ந்தேன்.

அது காசு கழுவுவது. அத்தையின் கணவர், நான் கண்ணால் கண்டிராத மாமா, துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை பார்த்தவர். கப்பல்காரர்கள் கொடுத்த வெளிநாட்டுக் காசுகளை எல்லாம் ஒரு பிஸ்கெட் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார். அவர் போன பிறகு, குடிலில் கண்ணாடியால் செய்கிற குளத்தைச் சுற்றி அவற்றைக் கரை போல அடுக்குவது அத்தையின் வழக்கம். எந்த நாட்டுக் காசானாலும் தலை மேலே இருக்க வேண்டும். முகத்தைக் கவிழ்த்து வைப்பது மரியாதை இல்லையாம்.

புளித் தண்ணீரில் தேய்த்துக்கொண்டே வந்தேன். கோபத்தில் கொஞ்சம் அழுத்தியே தேய்த்தேன். வெள்ளி நிறத்தில் ஒரு பெரிய காசு, ஒரு ராணியின் தலையோடு, கைநழுவித் தரையில் புரண்டு விழுந்தது. எடுக்கக் குனிந்தேன்.

அலகு. தட்டை வால். சுற்றிலும் நீர் வளையங்கள். ஆஸ்திரேலியக் காசின் பின்பக்கத்தில் என் பிளாட்டிபஸ் நீந்திக்கொண்டிருந்தது.

நான் போட்ட சத்தத்தில் ஏணியில் நின்ற என் கணவர் இறங்கி ஓடிவந்தார். "தேளாடீ?" என்று அத்தை துடைப்பத்தோடு வந்தார். காசை அவர் உள்ளங்கையில் வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். என் பொம்மையைத் தூக்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வெயிலில் காட்டினார், நகத்தால் சுரண்டினார். அந்த விஞ்ஞானி கத்தரிக்கோலை வைத்துத் தேடியதும் இப்படித்தான் இருந்திருக்கும்.

"இதுவும் ஏஐயா, அத்தம்மா?" என்றார் என் கணவர்.

"அட போடா. கவுர்மென்ட்டு காசுலயா பொய் அடிப்பான்?" என்றவர் காசை முந்தானையில் துடைத்தார். பிறகு, "உங்க மாமா ஒரு தபா சொன்னாருடா. வாத்து மூஞ்சி எலி ஒண்ணு கீது, முட்டை போடும்னு. ஊத்திகினு வந்து ஒளர்றாருன்னு சோறு போட்டு படுக்க வச்சேன்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். தெருவும் சேர்ந்து சிரித்தது. இத்தனை வருஷமாக அது குடிலுக்குள்ளேயே, ராணிக்கு அடியில், யாருக்கும் தெரியாமல் படுத்துக் கிடந்திருக்கிறது!

சிரிப்பு ஓய்ந்ததும் அத்தை என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். குரல் தாழ்ந்திருந்தது.

"அப்போ, அந்தப் பாலு சமாச்சாரம்?"

"அதுவும் நிஜம்தான், அத்தை."

"மாரே இல்லாம?"

"காம்பே இல்லாமத்தான். ஆனா குட்டிக்குப் பசி ஆறும். நல்லா வளரும்."

அத்தை ஏணியருகே நின்ற என் கணவரைப் பார்த்தார். ஆறடி உயரம், எண்ணூரில் கன்டெய்னர் யார்டில் வேலை, தலையெல்லாம் வைக்கோல். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு குடிலுக்குள் குனிந்து, கொம்பு உடைந்த தன் பசுவை ஒரு சாண் நகர்த்திவிட்டு, பாலனுக்கும் பசுவுக்கும் நடுவில் என் பிளாட்டிபஸை உட்கார வைத்தார். ஒட்டகத்துக்காரி வாயைப் பிளந்தார். எனக்கு அழுகை வந்தது, வெட்கமில்லாமல் அழுதேன்.

கிறிஸ்துமஸ் அன்று குடில்களைப் பார்க்க வந்த பங்குச்சாமியார், "இது என்னம்மா, வாத்தா?" என்று கேட்டார்.

"பிளாட்டிபஸ் சாமி," என்றார் அத்தை, பக்கத்துத் தெருவுக்கும் கேட்கிற குரலில். "முட்டை போடும். புட்டி இல்ல, காம்பு இல்ல, இருந்தாலும் பாலு குடுத்து வளத்துரும். தாயின்னா தாயிதான சாமி?"

அதற்கப்புறம் "நான் இன்னா பாலு குடுத்தா வளத்தேன்" என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ஒவ்வொரு டிசம்பரிலும் நான்தான் காசு கழுவி அடுக்குகிறேன். தலை மேலே இருக்க வேண்டும் என்பதில் அத்தை இன்னும் கறார்தான். அந்த ஒரு காசுக்கு மட்டும் விலக்கு. ராணி குப்புறப் படுத்துக்கொள்கிறார்.