ஓட்டை போட்டது நான்தான்

போன வருடம் அக்னி வெயில் நேரத்தில், ஆரணியில் எங்கள் வீட்டில் நடந்தது இது.

நாங்கள் சேவூர் போகும் பக்கம் சொந்தமாகச் சின்னதாக ஒரு வீடு கட்டிக் குடியிருக்கிறோம். கணவர் பட்டுத்தறி நெய்கிறார். நான் செய்யாரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை செய்கிறேன். வீட்டில் இருக்கும் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் என் போனஸ் பணத்தில் வாங்கியது. ஐந்து வருடம் ஒரு தொந்தரவும் கொடுக்காமல் ஓடியது, ஒருநாள் ஸ்டார்ட் ஆகாமல் நின்றுவிட்டது.

தெருவில் எல்லோரும் கூப்பிடும் மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும், அதிகம் பேசாத மனிதர். மோட்டாரை ஸ்டார்ட் செய்யும் ரிலே போய்விட்டது, வந்து பார்த்ததற்கும் சேர்த்து அறுநூற்றைம்பது ரூபாய் ஆகும், போடலாமா என்று கேட்டுவிட்டுத்தான் கை வைத்தார். கழற்றிய பழைய ரிலேவையும் என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார்.

பத்து நாள் கழித்து ஒரு சனிக்கிழமை. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வருகிறேன், நாத்தனார் குடும்பம் ராத்திரி சாப்பாட்டுக்கு வருகிறது என்றார் கணவர். ஃப்ரீசரில் இருந்த கோழிக்கறிப் பை ஐஸோடு ஐஸாக ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தேன், வரவில்லை. கொஞ்ச நேரம் சுவிட்சை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்து வைத்திருந்தால் தானாக விட்டிருக்கும். எனக்குப் பொறுமை இல்லை. கறி நறுக்கும் கத்தியின் முனையால் நெம்பினேன்.

புஸ்ஸென்று ஒரு சத்தம். பாம்பு சீறுவது போலக் கொஞ்ச நேரம் வந்து அடங்கிப்போனது.

ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பால் திரிந்திருந்தது. ஃப்ரிட்ஜ் ஓடுகிறது, ஆனால் துளிக்கூடக் குளிர்ச்சி இல்லை. கணவர் உடனே சொன்னார், "பத்து நாளு முன்னாடிதான அந்த ஆளு கைய வச்சிட்டுப் போனான்? என்னாத்தையோ பண்ணி வச்சிட்டான்."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். "ஆமாங்க" என்று சொன்னேன். அந்த ஒரு வார்த்தைதான்.

போன் போனதும் மெக்கானிக் வந்துவிட்டார். தெரு நீளத்துக்குப் பட்டு நூலை இழுத்துக் கட்டிப் பாவு போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் பார்க்கும்படி, வாசலிலேயே கணவர் கத்த ஆரம்பித்துவிட்டார். "இது சரியானா அது போவும், அது சரியானா இது போவும். இப்பிடிப் பண்ணாத்தான உனுக்குப் பொழப்பு ஓடும்!"

மெக்கானிக் செருப்பை வாசலில் கழற்றி விட்டார். உள்ளே வந்து ஃப்ரீசரைத் திறந்து விரலால் தடவிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் விரல் நின்றது. திரும்பி என்னைப் பார்த்தார்.

"உள்ள ஏதாச்சும் பட்டுச்சாம்மா?"

"தெரியலையேங்க" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

ஃப்ரீசர் கதவைச் சாத்தினார். பிறகு கணவரிடம், "சரி விடுங்க சார். நானே சரி பண்ணிக் குடுத்துடறேன். காசு வேணாம்" என்றார். கடைக்குப் போய் கேஸ் சிலிண்டரும் பம்பும் எடுத்து வந்தார். ஓட்டையை அடைத்து, ஃபில்டர் மாற்றி, கேஸ் ஏற்றி, குளிர்கிறதா என்று பார்த்து முடிக்கப் பிற்பகல் ஆகிவிட்டது. ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. அவர் வண்டி தெருமுனை திரும்பியதும் கணவர் எதிர்வீட்டுக்காரரிடம், "கேட்டாத்தான் வழிக்கு வரானுங்க" என்று சிரித்தார்.

இரண்டே நாளில் அந்தப் பேச்சு தெரு முழுக்கப் பரவிவிட்டது. எதிர்வீட்டில் வாஷிங் மெஷின் பார்க்க அவரை வரச் சொல்லியிருந்தார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கோடி வீட்டு அக்கா போளூரில் இருந்து வேறு ஆளை வரவழைத்தார். வியாழக்கிழமை கம்பெனி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் பக்கத்தில் இருப்பவளிடம் சொல்லிக்கொண்டு வந்தாள், "அந்த மெக்கானிக்கா? வேணாம்டி. ஒண்ணை சரி பண்ணிட்டு இன்னொண்ணை ஒடைச்சி வச்சிட்டுப் போவாராம்."

அன்றைக்கு என்னால் வேலை செய்யவே முடியவில்லை. தையல் பிசகிய ஷூவை மறைத்து அடுத்த மேசைக்குத் தள்ளிவிட்டாள் என்று போன மாதம்தான் ஒரு பெண்ணை அழும் அளவுக்குத் திட்டியிருந்தேன். சாயங்காலத்துக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். யார் என்ன சொன்னாலும் இதை நானேதான் சரி செய்ய வேண்டும்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக அந்த மெக்கானிக் கடைக்குப் போனேன். ஒரு ஃபேன் மோட்டாரைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, அந்த ஓட்டை நான் கத்தியால போட்டது. எவ்ளோ ஆச்சுன்னு சொல்லுங்க."

ஆச்சரியப்படவே இல்லை அவர். "கத்தி மொன அளவுக்கு இருந்துச்சும்மா. பாத்தவொடனே தெரிஞ்சிடுச்சி."

"அப்பறம் ஏண்ணே சொல்லல?"

"அவுரு அவ்ளோ கோவத்துல பேசிகினு இருந்தாரு. அந்த நேரத்துல சொன்னா உங்களுக்குத்தான் பேஜாரு. நான் கெளம்பிப் போயிடுவேன், நீங்க அங்கதான இருக்கணும்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதைப் பார்க்காதவர் போல ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்கு எழுதினார். கேஸ், ஃபில்டர், ஓட்டை அடைத்த மருந்து, அரை நாள் கூலி எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து எண்ணூறு. கொடுத்தேன். வேண்டாம் என்றெல்லாம் சொல்லவில்லை, செய்த வேலைக்கான காசு என்று வாங்கி வைத்துக்கொண்டார். நான் கிளம்பும்போது மட்டும், மோட்டாரைப் பார்த்துக்கொண்டே, "உங்க தெருவுல இருந்து போன் வரதுதான் நின்னுபோச்சும்மா" என்றார்.

பணம் கொடுத்தது சுலபமான பாதி என்று அப்போது புரிந்தது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் நம்பவில்லை. பிறகு கோபம். ஃப்ரிட்ஜைப் பற்றி அல்ல. "காசுதான் குடுத்துட்டியே, அதோட விடு. தெருவுல போயி சொன்னா என் மூஞ்சி எங்க போவும்?"

"அவுரு மூஞ்சி போயிடுச்சேங்க" என்றேன். நான் சொல்லியே தீருவேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எதிர்வீட்டில் ஆரம்பித்தேன். சொல்லி முடித்ததும் அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார், தானும் ஒருமுறை ஃப்ரீசரைக் கத்தியால் குத்தியதாகச் சொன்னார். அடுத்த வீட்டில் காது கொடுத்துக் கேட்டார்கள். இன்னொரு வீட்டில், "உன் புருஷன் அன்னிக்கு அந்தக் கத்து கத்தினாரே" என்று குத்தலாகக் கேட்டார்கள், ஆமாம் என்றுவிட்டு அடுத்த வாசலுக்கு நடந்தேன். கோடி வீட்டு அக்கா, "இத ஏன் ஊடு ஊடா வந்து சொல்லிகினு இருக்கற?" என்றார். அவர் இன்றுவரை அந்த மெக்கானிக்கைக் கூப்பிடவில்லை. ஒருதடவை கெட்டுப்போன பேரை முழுசாகத் திருப்பிக் கொடுக்க முடியாது என்று அவர் வாசலில்தான் தெரிந்துகொண்டேன்.

திங்கட்கிழமை கம்பெனி பஸ்ஸில் எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். பின் சீட்டில் யாரோ சிரித்தார்கள். பாதியில் உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. உட்காரவில்லை, முழுக்கச் சொல்லி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

அந்த வாரக் கடைசியில் எதிர்வீட்டு வாஷிங் மெஷினைப் பார்க்க மெக்கானிக் வந்தார். என் கணவர் வாசலில் நின்றிருந்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. நிழலில் நிறுத்தியிருந்த தன் வண்டியை வெயிலுக்குத் தள்ளிவிட்டு, "இங்க வைங்க" என்று மட்டும் சொன்னார். மெக்கானிக்கும் தலையை ஆட்டிவிட்டுத் தன் வண்டியை நிழலில் விட்டார். அன்று ராத்திரி கணவர் என்னோடு மறுபடியும் பேசினார்.

நான் தப்பு செய்ய ஒரு நொடி போதுமாக இருந்தது, அதை ஒத்துக்கொள்ள ஒரு வாரம் ஆகிவிட்டது. அந்த ஒரு வாரத்தில் ஒரு மனிதரின் பிழைப்பில் எவ்வளவு கை வைத்துவிட்டேன் என்பதை நினைத்து, இன்றைக்கும் யாரையாவது குறை சொல்ல வாயெடுக்கும் முன் தப்பு என்னுடையதா என்று என்னையே ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன்.