லைன் அறுந்த சீசன்

பெங்களூரில் நான் கடைசியாகப் பார்த்த வேலைக்கு ஆர்க்கிடெக்ட் என்று பெயர். பதவி உயர்வு கிடைத்ததும் அம்மாவிடம் போனில் சொன்னேன். அம்மா அதைத் தன்னோடு வேலைக்கு வேனில் வருகிற பெண்களிடம் சொல்லிவிட்டாள். அடுத்த முறை எங்கள் ஊரான ஆமத்தூருக்கு வந்தபோது, பக்கத்துத் தெருவில் வீடு கட்ட அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டியிருந்த ஒருவர் விடிந்ததும் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"அடுப்படிய எந்த மூலையில வைக்கலாம்? நீயே சொல்லும்மா."

நான் வீடு கட்டுகிற ஆள் இல்லை என்று விளக்கினேன். பல பேர் சேர்ந்து எழுதுகிற பெரிய கம்ப்யூட்டர் புரோகிராமில் எது எங்கே இருக்க வேண்டும், ஒன்று படுத்துவிட்டால் மற்றது எப்படி ஓட வேண்டும் என்று முன்கூட்டியே யோசித்துச் சொல்வதுதான் என் வேலை என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நீ ஒண்ணும் கட்ட மாட்ட" என்றார். அம்மாவின் முகம் வாடிப்போனது. "தென்கிழக்கு மூலையில வைங்க அண்ணே" என்றேன். அவர் திருப்தியாக எழுந்து போனார்.

அம்மா ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு ஆபீசில் வேலை பார்த்தாள். தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். நான் பள்ளியில் படிக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். அதற்குப் பிறகு என்னை சிவகாசியில் பி.எஸ்ஸி., மதுரையில் எம்.சி.ஏ. என்று படிக்க வைத்தது அம்மாவின் கைகள்தான். நான் சம்பாதிக்கத் தொடங்கியதும் வேலையை விடச் சொன்னேன். "பாப்பம், பாப்பம்" என்பாளே தவிர, விடவில்லை.

பட்டாசு ஆபீசுக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. அம்மாவின் போன் பகலெல்லாம் வீட்டில் அடுப்பு மேடையில் கிடக்கும். எங்காவது வெடி விபத்து என்று டி.வி.யில் எழுத்து ஓடினால், எடுக்க ஆளில்லாத அந்த போனுக்கு நான் அடித்துக்கொண்டே இருப்பேன். ஒருநாள் மீட்டிங்கில் போர்டில் படம் வரைந்து விளக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்தவர் செய்தியைக் காட்டினார். ஏழாயிரம்பண்ணை அருகே என்று மட்டும் இருந்தது. அதன் பிறகு நான் என்ன வரைந்தேன், என்ன பேசினேன் என்று எனக்கே தெரியாது. பொழுது சாய்கிற நேரத்தில்தான் அம்மா போனை எடுத்தாள்.

"என்ன தாயி, இம்புட்டுத் தடவ அடிச்சிருக்க? அது வேற கம்பெனி. நான் நல்லாத்தான் இருக்கேன். நீ சாப்பிட்டியா?"

அந்த மாதமே வேலையை விட்டேன். ஊரில் சொந்தமாகக் கம்பெனி ஆரம்பிக்கப்போகிறேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். அந்த ஆசை எனக்கு முன்பே உண்டு. கிளம்ப வைத்தது என்னவோ எடுக்கப்படாத அந்த போன்தான்.

எம்.சி.ஏ.யில் என்னோடு படித்தவள் ஒருத்தி விருதுநகரில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். அந்த வேலையை விட்டுவிட்டு என்னோடு சேர்ந்துகொண்டாள். அவளுடைய அப்பாவுக்கு, அவள் சொல்வதுபோல அத்தாவுக்கு, பஜாரில் வத்தல் மண்டி. தோழி அழைப்பதுபோலவே நானும் அவரை அத்தா என்றுதான் அழைப்பேன். மண்டிக்கு மேலே சும்மா கிடந்த அறையை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்தார். கீழே மிளகாய் வத்தல் மூட்டை பிரிக்கிற நாட்களில் மேலே நாங்கள் இருவரும் மாறி மாறித் தும்முவோம். கம்ப்யூட்டர்களுக்கு மெல்லிய துணியில் உறை தைத்துப் போட்டோம். அப்படியும் உள்ளே சிவப்பாகத் தூசி படியும்.

சரக்குக் கணக்குப் பார்க்கிற புரோகிராம் எழுதித் தருகிறோம் என்று சிவகாசியில் நாங்கள் ஏறாத படி இல்லை. அச்சகங்கள், பட்டாசுக் கம்பெனிகள், பெட்டி செய்கிறவர்கள். எல்லா இடத்திலும் மரியாதையாக உட்கார வைத்தார்கள், கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்கள். "சீசன் முடியட்டும்மா" என்றார்கள். சீசன் முடிந்ததும் போனால், "சீசனே முடிஞ்சிருச்சு, இனி இது எதுக்கும்மா?" என்றார்கள். தோழி பஸ்ஸில் ஏறியதும் சிரிக்க ஆரம்பிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது.

ஒருவர் மட்டும் முழுசாகக் கேட்டார். சொந்தமாகப் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்தவர். ஆர்டர் எடுக்கிற ஆபீஸ் சிவகாசியில், சரக்கு வைக்கிற குடோன் ஏழாயிரம்பண்ணைக்குப் போகிற வழியில். சிவகாசியில் இருப்பவர்கள் வடக்கே ஒரு வியாபாரிக்குத் தருவதாகச் சொன்ன பெட்டிகளை, குடோனில் இருப்பவர்கள் அதற்குள் வேறு லாரியில் ஏற்றியிருப்பார்கள். சீசனில் தினமும் இதே சண்டை.

"ரெண்டு எடத்துலயும் என்ன இருக்கு, என்ன போச்சுன்னு ஒண்ணாத் தெரியணும். முடியுமா?" என்று கேட்டார்.

"முடியும் அண்ணாச்சி."

"பாதியில விட்டுட்டுப் போயிர மாட்டீகளே?"

"மாட்டோம் அண்ணாச்சி."

அன்றைக்குத் திரும்பும்போதே எனக்கும் தோழிக்கும் வாக்குவாதம் தொடங்கிவிட்டது. சிவகாசியில் ஒரு சர்வர் வைத்து, குடோன்காரர்கள் டெலிபோன் லைன் வழியாக அதில் வேலை பார்க்கட்டும் என்பது அவள் யோசனை. சீக்கிரம் முடியும், செலவும் குறைவு. எனக்கு அந்த லைனில் நம்பிக்கை இல்லை. இரண்டு இடத்திலும் தனித்தனியாக முழுக் கணக்கும் இருக்க வேண்டும், லைன் இருக்கும்போது இரண்டும் பேசிக்கொள்ள வேண்டும், இல்லாதபோது அதது தன் வேலையைப் பார்க்க வேண்டும் என்றேன். எழுதுவதற்கு அது மிகவும் கடினம். இரண்டு பக்கமும் தனியாக நடந்ததை அப்புறம் ஒன்றாகச் சேர்ப்பதுதான் பெரிய தலைவலி.

"அம்புட்டையும் நீ எழுதி முடிக்கிறதுக்குள்ள நம்ம கடைய மூட வேண்டியதுதான்டி" என்றாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. கடைசியில் என் வழியில்தான் எழுதினோம், ஆனால் எழுதி இரண்டு இடத்திலும் கொண்டுபோய் வைக்க நினைத்ததைவிட வெகு நாளானது. நான் பெங்களூரில் சேர்த்து வைத்திருந்தது கரைந்துகொண்டே வந்தது. அவளுக்குக் கல்லூரியில் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கும் சென்னையில் ஒரு பெரிய கம்பெனியிலிருந்து அதே ஆர்க்கிடெக்ட் வேலை வந்தது. தீபாவளி கழித்துச் சொல்கிறேன் என்று பதில் எழுதினேன். எழுதியதை அவளிடமும் காட்டினேன். அவள் படித்துவிட்டு, "எனக்கும் அதுதான் தோணுது, தீபாவளியோட மூடிருவம்" என்றாள். வீட்டில் அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. வேலை எப்படிப் போகிறது என்று கேட்டால், நன்றாகப் போகிறது என்பேன்.

புரட்டாசியில் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற நேரம். ஒருநாள் காலையில் அத்தா படியேறி வந்தார். சிவகாசியில் அவருக்கு வேண்டிய வியாபாரியிடம் பேசலாம் என்றால் எந்த லைனும் கிடைக்கவில்லை என்றார். "ரோட்டுக்குக் குழி தோண்டுறேன்னு கேபிள அறுத்துப்புட்டாகளாம். ஏழாயிரம்பண்ணைப் பக்கமும் செத்துக் கிடக்காம்."

தோழி என் முகத்தைப் பார்த்தாள். நான் அண்ணாச்சியின் ஆபீசுக்கு அடித்துப் பார்த்தேன். போகவில்லை. அவருடைய செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. சீசன் நேரத்தில் அவர் போனை எடுக்காமல் நான் பார்த்ததே இல்லை.

"திட்டுறதுக்கு நம்மள நேர்ல எதிர்பாக்குறாரோ என்னவோ" என்றாள் தோழி.

இருவரும் பஸ் பிடித்தோம். வழியில் என் மனசு, புரோகிராமில் எங்கெல்லாம் ஓட்டை இருக்கலாம் என்று தேடிக்கொண்டே வந்தது. மேலே மண்டி அறையில் லைனைப் பிடுங்கிப் பிடுங்கிச் சோதித்திருந்தோம். ஆனால் உண்மையான சீசனில், உண்மையான லாரிகளோடு சோதித்ததில்லை. சிவகாசியில் இறங்கி, லாரிகள் நிற்கிற இடத்தை முதலில் பார்த்துவிடலாம் என்று, குடோன் வழியாகப் போகிற மினி பஸ்ஸில் மாறினோம். வெயில் ஏறிவிட்டது. இரண்டு பக்கமும் காய்ந்த கரிசல் காடு, அங்கங்கே கம்பி வேலிக்குள் பட்டாசு ஆபீஸ் அறைகள். தோழி என் கையைப் பிடித்திருந்தாள்.

சரக்கு இருக்கிற கட்டடங்களிலிருந்து வெகு தள்ளி ரோட்டோரத்தில் பில் போடுகிற அறை. வெளியே லாரிகள் நின்றன. டிரைவர்கள் வேப்ப மர நிழலில் படுத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் எல்லாம் நின்றுவிட்டது என்றே நினைத்தேன். உள்ளே போனால், கணக்கப்பிள்ளை ஒரு கையில் டீயும் ஒரு கையில் காகிதமுமாக உட்கார்ந்திருந்தார். பிரிண்டர் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"வாங்கம்மா. என்ன, ரெண்டு பேரும் சேந்து வந்திருக்கீக? சாப்பிட்டீகளா?"

"லைன் இல்லையாமே அண்ணே?"

"அப்படியா? நான் கவனிக்கலையே. பில்லு வருதுல்ல, லாரியும் வரிசைப்படி ஏறிக்கிட்டுத்தான் இருக்கு." அவர் கீழே குனிந்து, லைனைக் கம்ப்யூட்டரோடு சேர்க்கிற டெலிபோன் பெட்டியைப் பார்த்தார். "ஆமா, லைட்டு எரியல."

தோழி வாசலுக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று போய்ப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். நானும் சிரித்தேன். இருவரும் மண்பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தோம்.

இன்னொரு பயம் பாக்கி இருந்தது. லைன் திரும்பி வரும்போது இரண்டு இடத்துக் கணக்கும் சேர வேண்டும். மத்தியானம் கணக்கப்பிள்ளை தன் சாப்பாட்டில் பாதியை எங்களுக்குப் பகிர்ந்தார். பொழுது இறங்குகிற நேரத்தில் டெலிபோன் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிவகாசியில் பகலெல்லாம் போட்ட ஆர்டர்கள் ஒவ்வொன்றாக இங்கே வந்து சேர்ந்தன. ஒரே ஒரு இடத்தில் நின்றது. பூச்சட்டி என்கிற புஸ்வாணப் பெட்டிகள் கொஞ்சத்தை சிவகாசி ஒரு ஊருக்கும் குடோன் வேறொரு ஊருக்கும் கொடுத்திருந்தன. புரோகிராம் தானாக எதையும் முடிவு செய்யாமல், யாருக்கு என்று கேட்டு நின்றது. நாங்கள் அப்படித்தான் எழுதியிருந்தோம். கணக்கப்பிள்ளை சிவகாசிக்குப் போன் போட்டு, ஒரு நிமிஷம் பேசி, "வடக்க போற லாரி கிளம்பிருச்சு, நீங்க சொன்ன ஊருக்கு நாளைக்குப் போடுறோம்" என்று சொல்லி வைத்தார். தினமும் நடக்கிற சண்டை அன்றைக்கு அவ்வளவுதான்.

கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சியே கூப்பிட்டார். போனை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டாராம்.

"குடோன்லயா இருக்கீக? எதுக்கும்மா?"

லைன் அறுந்ததைச் சொன்னேன். "ஆமா, போன் செத்துத்தான் கிடந்துச்சு. ஆனா கணக்கு நிக்கலையே" என்றார். பிறகு, "எங்க மச்சானும் கம்பெனி வச்சிருக்காரு. அவுகளுக்கும் இது வேணுமாம். தீபாவளி முடிஞ்சதும் வந்து பாருங்க" என்றார். நான் போனை வைத்ததும் தோழி சிரித்தபடி எழுந்து பையை எடுத்துக்கொண்டாள். என் முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். வரவில்லை என்று சென்னைக்கு எழுத வேண்டிய பதிலை பஸ்ஸிலேயே பேசி முடித்துவிட்டோம்.

அந்தத் தீபாவளிக்கு நான் வீட்டில் நிம்மதியாகப் படுத்துக் கிடந்தேன். அம்மா அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தாள். கம்பெனி நடந்த விதத்தை முதல் தடவையாக முழுசாக அவளிடம் சொன்னேன். மூடப்போகிறோம் என்று இருந்தது, சென்னையில் வேலை வந்தது, லைன் அறுந்தது, எல்லாவற்றையும். அவள் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"எப்படிம்மா தெரியும்?"

"நல்லாப் போகுது, நல்லாப் போகுதுன்னு சொல்லுவ. சோறு பாதிதான் எறங்கும். அதான் நானும் வேலைய விடல. நீ பெங்களூருல இருந்தப்பவே விட்டிருப்பேன். அப்பவும் பயந்தான். கம்ப்யூட்டர் வேலையில ராவோட ராவா வீட்டுக்கு அனுப்பிருதாகன்னு டி.வி.யில சொன்னாக. ஒரு ஆள் சம்பளமாவது நிக்கணும்ல?"

நான் எழுந்து உட்கார்ந்தேன். இத்தனை வருஷமும் நான் அவளை நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். அவள் என்னை நினைத்துப் பயந்துகொண்டிருந்திருக்கிறாள். அவளை வேலையை விடச் சொல்லி நான் பேசியதற்கெல்லாம் ஏன் பயனில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"இப்ப நிக்குமா?" என்று கேட்டாள்.

"நிக்கும்மா. இன்னொரு கம்பெனியும் கேட்டிருக்காக."

"சரி" என்றாள். ஒரு அதிரசத்தை இலையில் எடுத்து என் பக்கம் நகர்த்தினாள்.

தீபாவளி கழிந்தால் பட்டாசு ஆபீஸ்கள் சில வாரம் பூட்டிக் கிடக்கும். மறுபடி திறந்த அன்று காலை, பாயில் கிடந்தபடியே தெருவில் வேன் வந்து ஹாரன் அடிப்பதைக் கேட்டேன். அம்மா கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.

"நான் வரலப்பா. இனி எனக்காக நிக்காத, நேரா போயிரு" என்று டிரைவரிடம் சொல்வது கேட்டது. வேனுக்குள்ளிருந்து ஒருத்தி, "என்னக்கா, காய்ச்சலா, மேலுக்கு முடியலையா?" என்று கேட்டாள். "மேலுக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றாள் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். வேன் கிளம்பிப் போனது.

அம்மா உள்ளே வந்து வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனாள். நான் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டேன். அன்றைக்கு மண்டிக்கு வெகு நேரம் கழித்துத்தான் போனேன்.