சாலையில் சாய்ந்த மரம்

சாலையை அகலப்படுத்த வடக்கனந்தலில் புளியமரம் அறுக்கிறார்கள். பச்சைமர வாசனை பட்டதுமே, பாருங்கள், அப்பா கண்முன் வந்து நிற்கிறார்.

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் ஊரோடு சேர்ந்து அவரும் மரத்தை வெட்டிச் சாலையில் சாய்த்துவிட்டு, இதே வாசனையோடு வீட்டுக்கு வந்தார். "இனிமே ஒரு ஈ காக்கா தாண்டாது" என்று சிரித்தார். பஸ் நின்றது, தபாலும் நின்றது.

பாதை திறந்த பிறகுதான் பட்டாளத்திலிருந்த அண்ணனின் கடிதம் வந்தது. 'அமைதிப்படையில் இலங்கைக்குப் போகிறோம். வெள்ளிக்கிழமை ரயில் விழுப்புரத்தில் நிற்கும். அம்மாவை அழைத்து வாருங்கள்.' அந்த வெள்ளி போய்விட்டிருந்தது.

"இன்னாங்க எழுதிக்கீறான்?" என்றாள் படிக்கத் தெரியாத அம்மா.

"நல்லா கீறானாம்" என்று அப்பா கடிதத்தை மடித்தார்.

இரண்டு வருடம் கழித்து அண்ணன் வந்தான். பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கேட்டான்: "ஏம்மா, அன்னிக்கி ஸ்டேஷனுக்கு வரல?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

"ரோட்ல மரம் வுழுந்து கெடந்துச்சிடா" என்றார் அப்பா, அலுத்துப்போன குரலில்.