எது போகக் கூடாது, சார்?

காரின் கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டு, பின் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஜெர்சன் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். சேலையூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளம். வெளியே காரின் சொந்தக்காரர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வாட்ச்மேன் சொந்தக்காரரைப் பார்க்கிறார். உட்புறம் சுத்தம் செய்ய வந்த ஆள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே ஏறி ஜெபம் பண்ணுகிறாரே என்று இரண்டு பேருக்கும் குழப்பம். ஜெபமெல்லாம் ஒன்றும் இல்லை. மூக்குக்குத்தான் வேலை. சற்று நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு இறங்குகிறார். "வேளாங்கண்ணி போய்ட்டு வந்தீங்களா சார்? கடல் மண்ணு வாசம் கீது. ரைட் சைடுல கொழந்த பால் கக்கிக்கீது. யாரோ தைலம் தேய்ச்சிக்கினே ரொம்ப தூரம் வந்துக்கீறாங்க." சொந்தக்காரருக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. "எங்க மாமியார்" என்கிறார்.

அடுத்து ஜெர்சன் கேட்பதுதான் அந்தப் பிரசித்தி பெற்ற கேள்வி. "சரி சார். எது போகக் கூடாது?"

காரின் சொந்தக்காரர்கள் முழிப்பார்கள். முழிக்காமல் என்ன செய்வார்கள்? எந்தக் கறை போக வேண்டும் என்று கேட்கிற ஆள் உண்டு. இப்படிக் கேட்கிற ஆளைத் தாம்பரம் சுற்று வட்டாரத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது. "எல்லாமே போகணும்பா, அதுக்குத்தானே கூப்பிட்டேன்" என்பார்கள் சிலர். "நல்லா யோசிச்சு சொல்லுங்க சார். அப்பால கேட்டா என்னால தர முடியாது" என்று ஜெர்சன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அப்போதுதான் அவர்கள் ஒருமுறை காருக்குள் எட்டிப் பார்ப்பார்கள். மகள் மூன்றாம் வகுப்பு படித்தபோது கதவோரம் ஒட்டிய நட்சத்திர ஸ்டிக்கர் கண்ணில் படும். "இது இருக்கட்டும்" என்பார்கள், குரல் கொஞ்சம் இறங்கி.

ஐம்பத்தைந்தைத் தாண்டிய மனிதர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகிறவர் மாதிரி எல்லா நாளும் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை; வேலை ஆரம்பிக்கும்போது முழங்கைக்கு மேல் மடித்துக்கொள்வார், அவ்வளவுதான். அவருடைய மிஷின் முழங்கால் உயரம் இருக்கும். ஒரே குழாயில் இரண்டு வேலை. ஒரு விசையை அழுத்தினால் புஸ்ஸென்று கொதி ஆவி. அப்படியே பின்னால் இழுத்தால் இளகின அழுக்கைத் தண்ணீரோடு உறிஞ்சிக்கொள்ளும். முனையில் இருக்கிற, கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் மூடி வழியே அந்த அழுக்குத் தண்ணீர் டீ நிறத்தில் ஓடுவது தெரியும். மிஷினுக்கு அவர் வைத்திருக்கும் பெயர் "சின்ன டீச்சர்". பெரிய டீச்சர் அவருடைய மனைவி ரத்தினபாய், ஆரம்பப் பள்ளி ஆசிரியை. "ரெண்டு பேரும் ஒண்ணுதான் சார். மொதல்ல சூடு, அப்புறம் உள்ள இருக்கறத எல்லாம் வெளிய எடுத்துருவாங்க" என்பார். இது ரத்தினபாய்க்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வதில் அவருக்கு ஒரு பெருமை.

இந்தத் தொழிலில் ஒரு சங்கதி இருக்கிறது. ஆவி பட்டதும் அழுக்கு உடனே ஓடிப்போய்விடாது. சீட்டின் பஞ்சுக்குள் வருஷக்கணக்காகப் படுத்திருந்த வாசனையெல்லாம் சூடு பட்டதும் எழுந்து வரும், நேற்றுப் போட்டதுபோல அத்தனை பச்சையாக. சில நிமிஷம் கார் முழுக்க நிற்கும். பிறகு உறிஞ்சலோடு போய்விடும், திரும்பவே திரும்பாது. ஜெர்சன் அந்தச் சில நிமிஷத்துக்காகத்தான் இந்த வேலை செய்கிறாரோ என்று சந்தேகப்பட இடமுண்டு. முடிச்சூர்க் கார்களில் வெள்ளத்தன்று புகுந்த ஏரித் தண்ணீர் எழுந்து வரும். பள்ளிக்கரணைப் பக்கத்துக் கார்களில் எலி. பெருங்களத்தூரில் ஒரு காரில் புளியோதரை வாசனை அப்படி எழுந்ததாம், பசியில் கையே ஓடவில்லையாம். "கடைசியா ஒரு தபா வந்து எட்டிப் பாத்துட்டுப் போவுது சார், போறப்ப சொல்லிக்கினு போற மாதிரி" என்பார்.

கேள்வி பிறந்தது சுந்தரராமன் வீட்டில். சிட்லபாக்கத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற அதிகாரி அவர். மிஷின் வாங்கின புதிது. ஜெர்சனுக்கு எந்தக் கறையைப் பார்த்தாலும் கை பரபரக்கும் காலம். ஸ்டியரிங் பக்கத்தில், வெளிர் நிற டாஷ்போர்டில், மஞ்சளும் சிவப்புமாக ஒரு தீற்றல். லேசில் போகவில்லை. ஆவியை அடித்து அடித்து, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து, ஒருவழியாக எடுத்துவிட்டு, பெருமை தாங்காமல் அவரைக் கூப்பிட்டு முதலில் அந்த இடத்தைத்தான் காட்டியிருக்கிறார். சுந்தரராமன் குனிந்து பார்த்தார். விரலால் அந்த இடத்தைத் தொட்டார். "வண்டி எடுத்த அன்னிக்கு எங்கப்பா இங்க பிள்ளையார் சுழி போட்டார். அவர் கை நடுங்கும். அதான் அப்படி இழுத்துண்டு போயிருந்தது" என்றார். அப்பா போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது.

திட்டியிருந்தால் ஜெர்சன் தாங்கியிருப்பார். மனுஷன் திட்டவில்லை. காபி கொண்டுவரச் சொன்னார். "நம்ம வண்டின்னா சிலுவை இருக்கும், வசனம் இருக்கும். அது எனக்கு சாமி விஷயம்னு தெரியும். இது இன்னான்னு எனக்குத் தெரியவே இல்ல சார். கறைன்னு நெனச்சேன். காபி அப்டியே ஆறிப்போச்சு" என்று இன்றைக்கும் சொல்கிறார். நானே திரும்பப் போட்டுத் தரட்டுமா என்று அப்பாவியாகக் கேட்டும் இருக்கிறார். சுந்தரராமனுக்கு அந்தத் துக்கத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. அன்று வீடு திரும்பினதிலிருந்து, எந்தக் காரானாலும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் சின்ன டீச்சருக்குத் தண்ணீர் ஊற்றுவதில்லை.

அவர் கைக்கு இன்னொரு பழக்கம் உண்டு. யாராவது காருக்குள் குனிந்தால் போதும், ஜெர்சனின் இடது உள்ளங்கை தானாகப் போய்க் கதவின் மேல் விளிம்பைப் பொத்திக்கொள்ளும், ஏறுகிறவர் தலையில் இடிக்காமல். அவர் கவனிப்பதில்லை, கை கவனித்துக்கொள்கிறது. கூடுவாஞ்சேரியில் ஒரு புதுக் குடியிருப்பில் இப்படித்தான் ஒரு பெண் பின் சீட்டிலிருந்து பையை எடுக்கக் குனிந்தாள். தலைக்கு மேல் அந்தக் கையைப் பார்த்தாள். அப்படியே நிமிர்ந்து, "வேன் அங்கிள்!" என்று கத்தினாள். ஸ்நேகா. மென்பொருள் கம்பெனியில் வேலை, சொந்தக் கார், கையில் குழந்தை. ஜெர்சனுக்கு அடையாளம் கண்டுபிடிக்கச் சற்று நேரம் பிடித்தது. "ஏய், வாந்தி ஸ்நேகாவா நீ?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். பக்கத்தில் அவள் கணவன்.

ஆமாம், இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன் அவர் ஓட்டியது ஆம்னி வேன். கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் என்று சந்து சந்தாகப் புகுந்து பிள்ளைகளைப் பொறுக்கிக்கொண்டு பள்ளியில் கொண்டுபோய் விடுவார். முன் சீட்டில் ரத்தினபாய்; அவருக்கும் அதே பள்ளிதான். பின்னால் ஏறி இறங்குகிற ஒவ்வொரு தலைக்கும் மேல் ஜெர்சனின் கை. எத்தனை காலை, எத்தனை தலை! அந்தத் தம்பதிக்குப் பிள்ளை இல்லை. சபையில் புதிதாக வருகிறவர்கள் தெரியாமல் கேட்பார்கள், எத்தனை பிள்ளைகள் என்று. "ஒரு வேன் நிறைய" என்பார் ரத்தினபாய், முகம் மாறாமல்.

பிறகு கொரோனா வந்தது. பள்ளிகள் மூடின. திறந்தபோது பெரிய மஞ்சள் பஸ்கள் அந்தச் சந்து வாசல்களுக்கே வர ஆரம்பித்துவிட்டன. வேனின் பின் சீட்டு மேல் மிஷினை ஏற்றிக்கொண்டு ஜெர்சன் இந்தத் தொழிலுக்கு வந்தார். ஊரார் காரையெல்லாம் பளபளவென்று ஆக்குகிறவர் தன் வேனில் மட்டும் ஒரு துணியைக்கூட ஓட்டவில்லை. ஜன்னலோரம் காய்ந்துபோன சூயிங்கம். சீட்டு உறையில் மை. முன் சீட்டின் முதுகில் சின்னச் சின்ன ஷூ தடங்கள். "ஊருக்கெல்லாம் சுத்தம் பண்றியே ஜெர்சன், உன் வண்டிக்குள்ள உட்கார முடியல" என்று போதகரே கேலி செய்தார். "டைம் எங்க ஐயா கீது" என்று மழுப்பினார். நேரமெல்லாம் இருந்தது. மனசு வரவில்லை.

இந்த வருஷம் வேனுக்கு முடியவில்லை. மிஷின், தண்ணீர் டிரம், வயர் சுருள் எல்லாம் சேர்ந்த கனத்தில் பின்பக்கம் தாழ்ந்துபோய் உட்கார்ந்துவிட்டது. பழைய லோடு வண்டி ஒன்றைப் பார்த்து வாங்கியாயிற்று. வேனைக் கேட்டு வந்தான் பென்னி, அவர்கள் சபைப் பையன்தான். அவன் அம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஆட்டோவில் குலுங்கிக் குலுங்கிப் போய்வருவதற்குள் பாதி உயிர் போய்விடுகிறதாம். வேனில் பின் சீட்டில் படுக்க வைத்துக் கூட்டிப்போகலாம். உள்ளே தலையை நீட்டிப் பார்த்தவன் தயங்கினான்.

"தப்பா நெனைக்காதீங்கண்ணா. அம்மாவுக்கு லேசா வாசம் பட்டாலே கொமட்டிக்கினு வந்துடுது. சோப்பு வாசம்கூட ஆகாது. ஒண்ணுமே இருக்கக் கூடாதுண்ணா, அது ஒண்ணுதான்."

"அம்மா படுக்கற வண்டிடா. நான் பாத்துக்கறேன்" என்றார் ஜெர்சன். சொல்லிவிட்டாரே தவிர, அடுத்த சில நாள் வேன் பக்கமே போகவில்லை. கிளட்ச் பார்க்கணும் என்றார். மழை வரும் போலிருக்கு, சீட்டு காயாது என்றார். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை காலை, மறுநாள் பென்னி வருவான் என்கிற நிலையில், ஜெர்சன் வேனை வாசலில் வேப்பமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டுவந்து மிஷினைப் பக்கத்தில் வைத்தார். தண்ணீர் ஊற்றினார். பிளக்கைச் சொருகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, பின் சீட்டில் கண்ணை மூடி உட்கார்ந்தார். உட்கார்ந்தார், உட்கார்ந்துகொண்டே இருந்தார். ரத்தினபாய் ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி வந்து எட்டிப் பார்த்தார்.

"ஊர்ல எல்லாரையும் கேப்பீங்களே. நான் கேக்கறேன், சொல்லுங்க. எது போகக் கூடாது?"

ஜெர்சன் சூயிங்கத்தைப் பார்த்தார். மையைப் பார்த்தார். ஷூ தடங்கள் மேல் கையை வைத்துப் பார்த்தார். "எல்லாந்தான் டீச்சர்" என்றார். தடங்களிலிருந்து கையை எடுத்தார். "வேணாம். ஒண்ணும் இருக்க வேணாம். அந்தம்மாக்கு கொமட்டும்."

"அப்ப நானும் ஏறிக்கறேன்" என்று ரத்தினபாய் முன்பக்கம் சுற்றிப் போய்த் தன் பழைய இடத்தில் உட்கார்ந்தார். பையை வைத்துக்கொள்வதுபோல மடியில் கையைக் கோத்துக்கொண்டார்.

ஜெர்சன் இறங்கிப் போய்ப் பிளக்கைச் சொருகிவிட்டுத் திரும்ப ஏறி, குழாய் நுழைகிற அளவுக்கு மட்டும் ஒரு கண்ணாடியைத் திறந்துவிட்டு, மற்றதையெல்லாம் மூடினார். ஆவி அடிக்கும்போது வேறு எந்தக் காரிலும் இப்படி மூட மாட்டார், மூச்சு முட்டும். உறிஞ்சலைப் போடவில்லை. வெறும் ஆவி. சீட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை, துணிக்கு இஸ்திரி போடுகிற நிதானத்தோடு குழாயை நகர்த்தினார். எழுந்து வந்தது. முதலில் பென்சில் சீவிய தூள். அப்புறம் மழையில் நனைந்த கேன்வாஸ் ஷூ. தேங்காய் எண்ணெய், பவுடர், வெள்ளிக்கிழமை மல்லிகை, டிபன் டப்பாவிலிருந்து கசிந்த தக்காளி சாதம், ஆரஞ்சு மிட்டாய். எல்லாம் ஒரே சமயத்தில், ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு, இடத்துக்கு அடித்துக்கொள்கிற மாதிரி. கண்ணாடியெல்லாம் வெள்ளையாகிவிட்டது. வெளியே தெரு தெரியவில்லை.

"இது வாந்தி ஸ்நேகா" என்றார் ரத்தினபாய், திரும்பாமல்.

"ம்" என்றார் ஜெர்சன். வேர்வையோ என்னவோ, முகமெல்லாம் ஈரம்.

பிறகு உறிஞ்சலைப் போட்டார். இழுக்க இழுக்க, மூடி வழியே டீ நிறத்தில் ஓடிய தண்ணீர் வெளுத்து, வெளுத்து, வெறும் தண்ணீராக ஓட ஆரம்பித்தது. சூயிங்கம் கழன்றது. மை போயிற்று. ஷூ தடங்களைக் கடைசியாகத்தான் தொட்டார். அவையும் ஒரே இழுப்பில் வந்துவிட்டன, ஒரு தகராறும் பண்ணாமல். மிஷினை நிறுத்தினார். மிச்சம் இருந்த ஆவியும் வாசனையும் மட்டும் வேனுக்குள் நின்றன.

ஜெர்சன் இறங்கி, வெளியே நின்று, பக்கக் கதவை முழுக்கத் தள்ளித் திறந்தார். ஆவி மெல்ல வாசல் பக்கம் திரும்பி, படியைத் தாண்டி வெளியே இறங்கத் தொடங்கியது. அவருடைய இடது உள்ளங்கை தானாக மேலே போய்க் கதவு விளிம்பைப் பொத்திக்கொண்டது. கடைசி ஆவி இறங்கிப் போகிறவரை அதை எடுக்கவில்லை.